பானைக்குப் பெயிண்டு எதற்கு? மலை மண் இருக்கிறதே!

மார்கழி மாதம். விடியற்காலை. வாசலில் கோலம் போடுகிறார்கள். கோலம் வெள்ளை. அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கரை.

அந்தச் சிவப்பு என்ன? செம்மண்! தண்ணீரில் கரைத்த செம்மண்.

அந்தக் கரையின் ஆயுள் ஒரு நாள்தான். கால் பட்டால் அழியும். மழை பெய்தால் கரையும்.

அதே செம்மண் கரைசலைச் சுடாத பானையின் மேல் பூசுங்கள். பிறகு பானையைச் சூளையில் வைத்துச் சுடுங்கள். அந்தச் சிவப்பு எத்தனை காலம் இருக்கும் தெரியுமா?

2 ஆயிரம் ஆண்டு!

இது கதை அல்ல. நம் நாட்டு மண்ணைத் தோண்டும்போதெல்லாம், சிவப்புப் பூச்சு மாறாத பானை ஓடுகள் கிடைக்கின்றன. பூசிய கை மறைந்து போயிற்று. பூச்சு மறையவில்லை.

அப்படிப்பட்ட பூச்சை நாம் இப்போது கைவிட்டு வருகிறோம். அதற்குப் பதிலாகப் பானைக்குப் பெயிண்டு அடிக்கிறோம். இது சரியா? சரி இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மலையில் ஒரு வீடு

அண்மையில் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. காவலூரில் உள்ள பெரிய தொலைநோக்கியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது இந்த மலையில்தான் இருக்கிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்பது பொருள். அவர்கள் பேசுவது தமிழ். விளைவிப்பது சாமை.

போளூரில் பஸ் ஏறினேன். ஜமுனாமரத்தூர் போகும் பஸ். வளைவு வளைவாக மேலே ஏறியது. சாலை போடுவதற்காக மலைச்சரிவை வெட்டி இருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் மண் தெரிந்தது. ஓர் இடத்தில் ரத்தச் சிவப்பு. இன்னோர் இடத்தில் மஞ்சள். சற்றுத் தள்ளிச் சாம்பல் நிறம்.

ஒரு சிற்றூரில் இறங்கி நடந்தேன். ஒரு மண் வீட்டின் முன்னால், வயதான அம்மாள் ஒருவர் சுவர் மெழுகிக்கொண்டிருந்தார். சட்டியில் செம்மண் குழம்பு. கையில் பழந்துணி. சுவரின் அடிப்பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்கு அழகான சிவப்புப் பட்டை விழுந்தது.

"இந்த மண்ணை எங்கே வாங்கினீங்க ஆயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார்.

"இத்த எதுக்குத் தம்பி வாங்கணும்? கொல்லையாண்ட தோண்டுனா வருது. கல்லு போவக் கரைச்சி, மேலாப்புல இருக்கிறத்த வடிச்சிக்கணும். அவ்ளோதான்."

ஒரு பெரிய கலையின் முதல் பாடத்தை அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!

அடிவாரத்தில் ஒரு கடை

மாலையில் மலையை விட்டு இறங்கினேன். சாலை ஓரத்தில் பானைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பச்சை, நீலம், ரோஜா நிறம், தங்க நிறம். எல்லாம் பெயிண்டு!

விற்றவர் குயவர். வயது அறுபது இருக்கும்.

"செம்மண் பூசின பானை இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"நாங்க பூசாமலா இருந்தோம்? எங்க அப்பா காலத்துல மலையிலேருந்து ஒரு கூடை மண்ணு வந்தா, அதை நகை மாதிரி வெச்சிருப்பாரு. இப்போ செம்மண் பானையைப் பார்த்தா, 'பழசா?'ன்னு கேக்கறாங்க. பளபளன்னு இருந்தாத்தான் கை நீட்டறாங்க, சார்" என்றார்.

அவர் மீது குற்றம் இல்லை. நாம் கேட்பதை அவர் கொடுக்கிறார். குற்றம் நம் மீது!

என் வீட்டுப் பானை

நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவன்தான்.

ஒரு சித்திரை மாதம், அழகாக இருக்கிறதே என்று பூப்போட்ட பானை ஒன்றை வாங்கி வந்தேன். வெளிப்புறம் முழுவதும் நீலப் பெயிண்டு. தண்ணீர் ஊற்றி வைத்தோம். மறுநாள் குடித்துப் பார்த்தால், குழாய்த் தண்ணீர் போலவே இருந்தது. பக்கத்தில் பழைய பானை ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

என் மனைவி சொன்னாள்: "பானைக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அது எப்படி வியர்க்கும்?"

இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் சொல்ல முடியாது.

மண் பானையில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளியே வருகிறது. காற்றுப் பட்டு ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. பெயிண்டு அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது.

மண் பூச்சு அப்படி அல்ல. அதுவும் மண்தான். பானையோடு சேர்ந்து வெந்து, பானையோடு சேர்ந்து மூச்சு விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிலவகைப் பெயிண்டில் ஈயம் கலப்பது உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. அதனால்தான் வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று மத்திய அரசாங்கம் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அந்த விதி நடப்பில் இருக்கிறது. நல்ல பெயிண்டாகவே இருக்கட்டும். அது சுவருக்கும் கதவுக்கும் செய்தது. தண்ணீரும் சோறும் வைக்கும் பாத்திரத்துக்குச் செய்தது அல்ல.

பூச்சு செய்வது எப்படி?

இது கம்ப சூத்திரம் அல்ல. ஆனால் பொறுமை வேண்டும்.

காட்டு மண்ணோ, கொல்லை மண்ணோ, ஒரு கூடை எடுத்துக்கொள்ளுங்கள். வேர், இலை, கல் ஆகியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த மண் தண்ணீரில் சீக்கிரம் கரையும். ஈர மண் கட்டி கட்டியாக நிற்கும்.

காய்ந்த மண்ணைத் தட்டிப் பொடியாக்கி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊறவிடுங்கள். மறுநாள் நன்றாகக் கலக்குங்கள். சில நிமிடம் சும்மா விடுங்கள். மணலும் கல்லும் கனம். அவை அடியில் தங்கும். நுண்ணிய மண் மேலே மிதக்கும். அந்தக் கலங்கல் தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் மெதுவாக வடியுங்கள். துணியில் வடிகட்டினால் இன்னும் நல்லது.

அதை ஒன்றிரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அதைக் கொட்டிவிடுங்கள். அடியில் வெண்ணெய் போல ஒரு சேறு இருக்கும். அதுதான் பூச்சு. பாலாடைப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மலை மண்ணில் பெரும்பாலும் மணலும் கல்லும் அதிகம். அதில் பானை வனைய முடியாது. பானைக்கு ஏரிக் களிமண்தான் வேண்டும். ஆனால் பானைக்கு ஆகாத அந்த மலை மண், பூச்சுக்கு ஆகிறது! கரைத்து வடிக்கும்போது கல் போய்விடுகிறதே! உடம்பு ஏரி மண். சட்டை மலை மண். சமவெளியும் மலையும் ஒரே பானையில் சேர்கின்றன.

எப்போது பூசுவது? பானை முழுதும் காய்ந்த பிறகு பூசக்கூடாது. பூச்சு உரிந்து விழும். மிகவும் ஈரமாக இருக்கும்போதும் பூசக்கூடாது. பானை நெளிந்துவிடும். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது; நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதுதான் பதம்.

பூச்சு சற்று உலர்ந்ததும், வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு வரும். பெயிண்டுக்கு மயங்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்!

தண்ணீர்ப் பானைக்கு மெல்லிய பூச்சு போதும். அழுத்தி மெருகு ஏற்ற வேண்டாம். கசிவு குறைந்துவிடும். குழம்புச் சட்டிக்கு உட்புறத்தில் நன்றாக மெருகு ஏற்றலாம். எண்ணெயும் புளியும் அதிகம் இறங்காது.

மண்ணைச் சோதிப்பது

எல்லா மண்ணும் எல்லாப் பானைக்கும் ஒத்துவராது. ஈர மண் காயும்போது சுருங்கும். பூச்சு அதிகமாகச் சுருங்கினால் வெடிப்பு விடும். பானை அதிகமாகச் சுருங்கினால் பூச்சு பெயரும். இரண்டும் ஒரே அளவு சுருங்க வேண்டும். மாமியாரும் மருமகளும் போல ஒத்துப்போனால்தான் குடித்தனம் நடக்கும்.

ஆகவே முதலில் சிறு ஓட்டில் பூசிச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால், பானை செய்த களிமண்ணையே கொஞ்சம் கரைத்துப் பூச்சில் கலக்கலாம்.

மண்ணில் சுண்ணாம்புக் கல் இருந்தால் ஆபத்து. சுட்ட பிறகு, அது காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி உப்பும். பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். காய்ந்த மண்ணில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்.

நிறத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மஞ்சள் மண்ணைப் பூசினால் பானை மஞ்சளாக வரும் என்று நினைப்பீர்கள். வராது! சூளையில் சிவப்பாகிவிடும். மண்ணுக்கு நிறம் கொடுப்பது அதில் உள்ள இரும்புத் துரு. மஞ்சள் துருவுக்குள் தண்ணீர் அடங்கி இருக்கிறது. சூட்டில் அந்தத் தண்ணீர் போய்விடும். சிவப்புத் துரு நிற்கும்.

அதே மண்ணைப் புகை மூட்டத்தில் சுட்டால் கருப்பாகும். காற்று தாராளமாகப் போனால் சிவப்பு. காற்றை அடைத்தால் கருப்பு. மண் ஒன்றுதான். நெருப்பை ஆளும் கைதான் வேறு.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையைச் சமையல் அடுப்பில் செய்யாதீர்கள். ஈரம் இருக்கும் பானை நெருப்பில் வெடித்துச் சிதறும். பூசிய பானையை நன்றாக உலர்த்தி, குயவரிடம் கொடுத்துச் சூளையில் சுட்டு வாங்குங்கள்.

முன்னோர் செய்த அதிசயம்

இந்த வித்தை நமக்குப் புதிதா? இல்லை.

திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளி என்று ஓர் ஊர். 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்தது. கற்கால மக்கள் கையால் செய்த சாம்பல் நிறப் பாண்டங்கள் கிடைத்தன. அதற்குப் பின் வந்த இரும்புக் கால மக்களின் கருப்பு-சிவப்புப் பாண்டங்களும் கிடைத்தன. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. ஒரே பானையில் 2 நிறம்! நெருப்பை வைத்தே செய்தது.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இன்னொரு தினுசுப் பானை கிடைத்திருக்கிறது. வெள்ளைக் களிமண்ணால் கோடுகள் போட்டு, அதன் மேல் சிவப்பு மண் பூச்சு. பூச்சுக்குள்ளிருந்து வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். வெள்ளைக்காரத் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர், 1947-ல் கர்நாடகத்தில் பிரம்மகிரி என்ற இடத்தைத் தோண்டியபோது இந்த வகையைத் தனியாகக் குறித்துப் பெயர் வைத்தார். நம் வாசல் கோலத்தை நினையுங்கள். அதே வெள்ளை, அதே சிவப்பு!

அதே வீலர் 1945-ல் புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலி நாட்டிலிருந்து கப்பலில் வந்த சிவப்புத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. ரோமாபுரிச் சீமான்கள் சாப்பிட்ட தட்டு வகை அது. அதன் பளபளப்புக்குக் காரணம் என்ன? வடித்தெடுத்த நுண்ணிய மண் பூச்சுதான்! போளூர் மலையில் ஆயா சொன்ன அதே யுக்தி, ரோமாபுரியிலும் இருந்திருக்கிறது.

கீழடிக்கு வருவோம். அங்கே கிடைத்த ஓடுகளின் கருப்புப் பூச்சை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். ஓடுகள் கி.மு. 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பூச்சில் கார்பன் நுண்குழாய்கள் இருந்தன. தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய குழாய்கள் அவை. இன்றைய விஞ்ஞானிகள் பெரிய கூடங்களில் தயாரிக்கும் பொருள். 2020-ல் இந்த ஆராய்ச்சி வெளியாகி, உலகமே வியந்தது. அந்தக் குயவருக்குக் கார்பன் குழாய் என்றால் என்ன என்று தெரிந்திருக்காது. ஆனால் எந்தப் பூச்சு நிலைக்கும் என்று தெரிந்திருந்தது.

"நேரம் ஆகுமே!"

"இதெல்லாம் சரி. பெயிண்டு அடிக்க 5 நிமிடம். கரைத்து, வடித்து, பூசி, தேய்க்க எத்தனை நாள்? குயவருக்குக் கட்டுமா?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. கட்டாது. இன்றைய விலையில் கட்டாது.

ஆகையால் வாங்குகிற நாம் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும். ஒரு சினிமா டிக்கெட்டுக்குப் பேரம் பேசுகிறோமா? ஓட்டல் காப்பிக்குப் பேரம் பேசுகிறோமா? பானைக்காரரிடம் மட்டும் 10 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசுகிறோம்!

கூடக் கொடுக்கும் பணம் வீண் போகாது. பெயிண்டு பானை உரியும், அழகு போகும். மண் பூச்சுப் பானை உடையும் வரை அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஏரி, குளங்களில் மண்பாண்டத் தொழிலாளர்கள் கட்டணம் இல்லாமல் களிமண் எடுக்க, தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-ல் ஏற்பாடு செய்தது. முன்பு இதற்கு மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டி இருந்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவை பாராட்ட வேண்டியவை.

ஆனால் மண் கிடைத்தால் போதாது. வித்தையும் நிலைக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அடிவாரத்துக் குயவர் ஒருவரை, வாரம் ஒரு நாள் அங்கே அழைத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்யலாம். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் தங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி கொண்டு வரட்டும். கரைத்து, வடித்து, சிறு ஓட்டில் பூசிச் சுடட்டும். சுட்ட ஓடுகளை ஒரு பலகையில் பதித்து, ஊர்ப் பெயரை எழுதிப் பள்ளியில் மாட்டட்டும். எந்த ஊர் மண் என்ன சிவப்பு என்று அந்தப் பலகை சொல்லும். ரசாயனம், பூகோளம், சரித்திரம் மூன்றும் அந்த ஒரே பலகையில் இருக்கும்!

ஒன்று மட்டும் நினைவு இருக்க வேண்டும். காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் மண் தோண்டுவது குற்றம். தோண்டவும் தேவை இல்லை. பூச்சுக்கு லாரி லாரியாக மண் வேண்டாம். சொந்தக் கொல்லையில், கிணறு வெட்டிய இடத்தில், கடைக்கால் எடுத்த இடத்தில் கிடைக்கும் ஒரு கூடை மண் போதும்.

மலையில் ஆண்டுதோறும் கோடை விழா நடத்துகிறார்கள். தேனும் சாமையும் விற்கிறார்கள். அங்கே மலை மண் பூசிய பானைக்கும் ஒரு கடை கொடுக்கலாம்.

விநாயகர் சதுர்த்தி வருகிறது. சிலைக்கு ரசாயனப் பெயிண்டு வேண்டாம், இயற்கை நிறம் பூசுங்கள் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிமுறை வகுத்திருக்கிறது. சுடாத களிமண் பிள்ளையாருக்குச் செம்மண்ணும் வெண்களிமண்ணும் பூசினால் எவ்வளவு அழகு! தண்ணீரில் கரையும், மீன் சாகாது.

தாய்மார்களே! அடுத்த முறை பானை வாங்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். "பெயிண்டு அடிக்காத பானை இருக்கிறதா? செம்மண் பூசினது இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்பார். அடுத்த கடையிலும் கேளுங்கள். 10 பேர் கேட்டால், 11-வது ஆளுக்கு அவர் எடுத்து வைத்திருப்பார்.

வருகிற தைப் பொங்கலுக்குப் பால் பொங்கும் பானை, பெயிண்டு மணக்காமல் மண் மணக்கட்டும்.

வாசலில் காவி இடத் தெரிந்த கைகளுக்கு, பானையின் அருமையை நான் சொல்லவா வேண்டும்?